இடைவெளி விசையில் ஒரு ரோச் லைற்

நொக்கியா ஈ63 போனை வருடக்கணக்கில் பாவித்தவர்களில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று அதன் இடைவெளி விசையில் இருந்தது. முகப்புத் திரையோடு போன் சும்மா இருக்கும்போது, கீழ்வரிசையில் உள்ள அந்த நீண்ட விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், பின்பக்கம் கமராவுக்கென்று வைத்த எல்.ஈ.டி. பளிச்சென்று எரியும். இன்னொரு தடவை பிடித்தால் அணையும். மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். இருட்டில் செய்யவேண்டிய வேலை ஆகையால் அதுதான் முக்கியம்.

ஈ63 வெளியானது 2008ஆம் ஆண்டின் கடைசியில். அதன் அண்ணன் ஈ71 அதே ஆண்டு நடுப்பகுதியில் வந்தது. உடம்பு முழுக்க உருக்கு, 3.2 மெகாபிக்சல் கமரா, விலையும் அதற்கேற்றது. ஈ63 பிளாஸ்ரிக்கில் செய்த மலிவுப் பதிப்பு. கமரா 2 மெகாபிக்சல், குவியத்தைச் சரிசெய்யும் வசதியும் கிடையாது. ஆனால் விசையைப் பிடித்தால் வெளிச்சம் தரும் வசதி தம்பியிடம்தான் இருந்தது. அண்ணனுக்கு அதற்கென்று வேறு யாரோ எழுதிய மென்பொருளைத் தேடிப் போடவேண்டும். விலைப்பட்டியலை மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

யாழ்ப்பாணத்தில் தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ-9 வீதி போர் முடிந்த பிறகே பொதுமக்களுக்குத் திறந்தது. அதன்பின் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்தவர்களின் சூட்கேசுகளில் பாவித்த போன்களும் வந்திறங்கின. அங்கே ஒப்பந்தக் காலம் முடிந்து லாச்சிக்குள் கிடந்தவை இங்கே மச்சானுக்கும் பெறாமகனுக்கும் கைமாறின. கனடாவிலிருந்து வந்தவற்றில் பிளாக்பெரியும் இருக்கும். அந்தக் கம்பனி இருக்கும் வாட்டர்லூ, ரொறன்ரோவிலிருந்து வாகனத்தில் ஒன்றரை மணிநேரத் தூரம்தான். கடையில் கொடுத்து அன்லொக் செய்து உள்ளூர் சிம்மைப் போட்டால் வேலை செய்யும். ஆனால் சூட்கேசில் வருகிற போனோடு பெட்டியும் வராது, கையேடும் வராது. எந்த விசை எதைத் திறக்கும் என்பதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரே விசை எப்படி இடைவெளியும் விடுகிறது, விளக்கும் போடுகிறது? அதற்கு விசைகளுக்குக் கீழே போகவேண்டும்.

கையளவு போனில் முழு விசைப்பலகை என்றால் 40 விசை அளவில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தால் சில்லில் அதற்குப் போதிய கால்கள் இல்லை. ஆகவே பலகையில் தடங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிடுவார்கள். 8 கிடைத்தடம், 8 நெடுந்தடம். மொத்தம் 16 கம்பிதான், ஆனால் அவை சந்திக்கும் இடங்கள் 64. ஒவ்வொரு விசைக்கும் அடியில், கவிழ்த்துவைத்த குமிழ் மாதிரி மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அழுத்தினால் 'டிக்' என்று உள்வாங்கி, ஒரு கிடைத்தடத்தையும் ஒரு நெடுந்தடத்தையும் தொடுத்துவிடும். சில்லு ஒவ்வொரு கிடைத்தடமாக மின்னழுத்தம் கொடுத்து, எந்த நெடுந்தடம் வழியாக அது திரும்பி வருகிறது என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். தகடு உள்வாங்கும்போது சில மில்லிசெக்கனுக்கு நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடாமல் இருக்கச் சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்கும்.

ஆக, சில்லுக்குத் தெரிவதெல்லாம் 'ஐந்தாம் கிடை, மூன்றாம் நெடு மூடியிருக்கிறது. இவ்வளவு நேரமாக மூடியிருக்கிறது' என்பது மட்டுமே. விசையின் தலையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. குறுஞ்செய்தி எழுதும் திரையில் அந்தச் சந்திப்பு இடைவெளி. முகப்புத் திரையில், அதுவும் நீண்ட நேரம் மூடியிருந்தால், விளக்கு. பொருளைக் கொடுப்பது அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்தான். தொடுதிரையில் விசையே ஒரு படம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மையான விசையும் உள்ளே அதே அளவு வெறுமையானதுதான். அதன் மேல் பூசிய மைதான் அதற்கு ஒரே அர்த்தம் இருப்பதுபோலக் காட்டிவிட்டது.

இதை நன்றாகப் புரிந்து வேலை செய்தவர்கள் பிளாக்பெரிக்காரர். மின்னஞ்சல் பட்டியலில் 'டி' விசையைத் தட்டினால் உச்சிக்குப் போகும், 'பி' தட்டினால் அடிக்குப் போகும், 'யு' தட்டினால் வாசிக்காத அடுத்த கடிதத்துக்குத் தாவும். எழுதும்போது இடைவெளியை இரண்டு தரம் தட்டினால் முற்றுப்புள்ளி விழுந்து அடுத்த எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகும். மின்னஞ்சல் முகவரி எழுதும் பெட்டியில் முதல் இடைவெளி 'அற்' குறியாகும், அடுத்தது புள்ளியாகும். முகவரியில் இடைவெளி வரவே முடியாது என்பதால் அந்த விசையை அங்கே வேறு வேலைக்குப் போட்டார்கள். 2014இல் வந்த பாஸ்போர்ட் என்ற போனில் விசைகளின் மேற்பரப்பையே தொடு உணரியாக்கி, எழுத்தை அழுத்தாமல் விரலை மேலே தடவினாலே பக்கம் நகரும்படி செய்தார்கள். 2018இல் வந்த கீ2 போனில் 26 எழுத்துக்கும் தட்டினால் ஒன்று, பிடித்தால் ஒன்று என்று 52 குறுக்குவழி வைக்கலாம். நொக்கியா ஈ71இலும் கணினியில் போல 'கொன்ட்ரோல்' விசையோடு 'சி' தட்டினால் பிரதி எடுக்கும், 'வி' தட்டினால் ஒட்டும்.

இத்தனை கெட்டித்தனமும் ஆங்கிலம் எழுதுகிறவருக்கு. முற்றுப்புள்ளியும் பெரிய எழுத்தும் தானாக விழும் அந்த விசைப்பலகையில் 'அ' எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

விசைக்குள் தமிழை அடக்கும் சிக்கலை முதலில் தீர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்பது இங்கே சொல்லவேண்டிய விசயம். சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளவயதில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போன ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கியவர். கந்தோரில் ஆங்கிலத் தட்டச்சைப் பார்த்து, தமிழுக்கு ஏன் முடியாது என்று தொடங்கிய வேலை அது. ஜேர்மனியில் செயிடெல் அன்ட் நௌமான் என்ற நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. கையில் தூக்கிச் செல்லும் சிறிய வகைக்கு 'பிஜோ' என்று பெயர்.

முத்தையாவுக்கு இருந்த கஷ்டம் போன் செய்கிறவனுக்கு இருந்ததைவிடக் கொடியது. தட்டச்சு இயந்திரத்தில் விசையின் மறுமுனையில் உருக்கில் வார்த்த எழுத்து இருக்கிறது. 'முகப்புத் திரையில் வேறு, கடிதத்தில் வேறு' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எழுத்தோ 247. எல்லாவற்றுக்கும் விசை வைத்தால் இயந்திரம் மேசையில் நிற்காது. அவர் எழுத்துகளைத் துண்டுகளாகப் பார்த்தார். கொம்பு தனி, அரவு தனி. 'கொ' என்பது கண்ணுக்கு மூன்று உருவம். மூன்றையும் பக்கம் பக்கமாக அடித்தால் போதும். ஆனால் புள்ளி பக்கத்தில் வராது, தலைக்கு மேலே நிற்கவேண்டும். அதற்கு அவர் கொண்டுவந்தது நகரா விசை. மற்ற விசைகளை அடித்தால் தாளைத் தாங்கும் வண்டி ஒரு எழுத்துத் தூரம் நகரும். நகரா விசையை அடித்தால் குறி மட்டும் விழும், வண்டி அசையாது. ஆகவே முதலில் புள்ளியை அடித்து, பிறகு 'க' அடித்தால் 'க்'. தட்டச்சுப் பழகியவர்களின் விரல்கள் இன்றைக்கும் மெய்யெழுத்துக்குப் புள்ளியை முதலில் தேடுவது இதனால்தான்.

கணினி வந்தபோது வரிசை தலைகீழானது. ஒருங்குறியில் 'கொ' என்பது கண்ணில் படும் வரிசையில் இல்லை, காதில் விழும் வரிசையில் இருக்கிறது: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. அந்தக் குறியைப் பிளந்து பாதியை முன்னாலும் பாதியைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் பொறுப்பு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைமுறை இன்னும் ஒருபடி போய், உயிரை இடக்கையிலும் மெய்யை வலக்கையிலும் பிரித்து வைத்து, புள்ளியைப் பல இடங்களில் தானே போட்டுக்கொண்டது. 'க'வை இரண்டு தரம் தட்டினால் 'க்க' வந்துவிடும். இலங்கையில் அரசு ஏற்றுக்கொண்ட தரம் வேறு. எஸ்.எல்.எஸ். 1326 என்ற 2008ஆம் ஆண்டுத் தரம் பழைய ரெங்கநாதன் தட்டச்சு முறையைத் தழுவியது. கச்சேரியில் தட்டச்சு செய்தவருக்கு அது வசதி. கையில் ஈ63 வைத்திருக்கும் பிள்ளைக்கு அதுவும் உதவாது, இதுவும் உதவாது. கட்டைவிரலால் அடிக்கும் சின்ன விசைப்பலகைக்கு இவை எதையும் யாரும் வகுக்கவில்லை.

ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினோம். சோம்பேறித்தனம் என்று பண்டிதர்கள் திட்டினார்கள். அந்தத் திட்டில் பாதியைக் குறுஞ்செய்தியின் கணக்குக்குக் கொடுக்கவேண்டும்.

குறுஞ்செய்தி எழுதும் திரையின் மேல்மூலையில் ஒரு எண் இருக்கும். வெறும் பெட்டியில் 160. ஆங்கிலத்தில் யாழ்ப்பாணத்தின் பெயரை அடித்தால் 6 எழுத்து. எண் 154 ஆகும். அழித்துவிட்டுத் தமிழில் ஒரே ஒரு 'ய' போடுங்கள். எண் 159 ஆகாது, 69 ஆகும். 'யாழ்ப்பாணம்' என்று முடிக்கும்போது 59. கண்ணுக்கு 6 எழுத்து. கணக்குக்கு 11, ஏனென்றால் அரவும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். "நாளைக்கு விடிய வாறன், அம்மாவிடம் சொல்லு" என்ற வசனம் 39 இடத்தைத் தின்றுவிடும். ஒரு செய்தியில் பாதிக்கு மேல் போச்சு.

காரணம் இலகுவானது. ஒரு குறுஞ்செய்திக்கு ஜி.எஸ்.எம். வலையமைப்பு ஒதுக்கிய இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒன்றுக்கு 7 பிட் போதும் என்று வகுத்ததால் 160 வந்தது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு எழுத்து உள்ளே வந்தாலும் முழுச் செய்தியும் எழுத்துக்கு 16 பிட் கணக்குக்கு மாறும், 70தான் மிச்சம். 70ஐத் தாண்டி இரண்டு துண்டாகப் போனால், துண்டுகளை ஒட்டும் தலைப்புக்கும் இடம் போய், துண்டுக்கு 67. சிங்களத்துக்கும் இதே கதி. செய்திக்குக் காசு எடுத்த காலத்தில் தாய்மொழியில் எழுதியவன் இரண்டு மடங்குக்கு மேல் கட்டினான். அந்த விசைப்பலகையில் தமிழ் அச்சிட்டிருந்தாலும், காசைப் பார்த்து எத்தனை பேர் ஆங்கில எழுத்திலேயே நின்றிருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

இந்த அடைப்பைத் தாண்ட இரண்டு வழி வந்தது. ஒன்று மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த செல்லினம். 2005ஆம் ஆண்டு பொங்கலுக்குச் சிங்கப்பூரில் வெளியானது. அது ஜாவா நிரல். தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத போனிலும் தன் எழுத்துகளைத் தானே திரையில் வரைந்துகொண்டது.

மற்றது ஒரு உலாவியின் அடிவயிற்றில் ஒளிந்திருந்தது. அந்தக் காலத்து நொக்கியா பலவற்றில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பெட்டி பெட்டியாக வரும். எழுத்துரு இருந்தாலும் கொம்பு பின்னாலும் அரவு எங்கேயோவும் கிடக்கும். ஓப்பரா மினி என்ற உலாவியின் முகவரிப் பெட்டியில் இணைய முகவரிக்குப் பதிலாக 'ஓப்பரா' என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு, 'கொன்ஃபிக்' என்று முடித்தால், மெனுக்களில் எங்குமே இல்லாத ஒரு பக்கம் திறக்கும். அதன் அடிப்பகுதியில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பாவிக்கவா என்ற கேள்வி இருக்கும். 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால், அடுத்த பக்கத்திலிருந்து தமிழ் ஒழுங்காக வரும். முழு விசைப்பலகை உள்ளவனுக்கு இதை அடிப்பது ஒரு நிமிட வேலை. எண்விசை போனில் முக்காற்புள்ளியைத் தேடியே களைத்துப்போகலாம்.

அது எப்படி முடிந்தது என்றால், ஓப்பரா மினி பக்கத்தைப் போனில் சமைப்பதே இல்லை. பக்கம் முதலில் ஓப்பராவின் சேவையகத்துக்குப் போகும். அங்கே சுருக்கி, போனுக்கு இலகுவான வடிவத்தில் அனுப்புவார்கள். படவடிவத்தைக் கேட்டால் எழுத்தையும் அங்கேயே வரைந்து சின்னச் சின்னப் படமாக அனுப்பிவிடுவார்கள். போனுக்குத் தமிழ் தெரியவேண்டிய தேவையே இல்லை. படம் என்பதால் தரவு கூடுதலாகச் செலவாகும், வசனத்தைப் பிரதி எடுக்கவும் வராது. இருந்தாலும் போனில் முதன்முதல் தமிழ்ச் செய்தி வாசித்த பலர் அதை இந்தப் படங்களாகத்தான் வாசித்தார்கள்.

எழுத்தை விட்டு ஒலிக்கு வருவோம். பல்லூடகம் என்றவுடன் கமராவைத்தான் நினைப்பார்கள். என் கணக்கில், இந்தக் குடாநாட்டில் அந்தப் போன்களின் மிகப் பெறுமதியான பல்லூடக வசதி பண்பலை றேடியோ.

இயர்போன் கம்பியைக் குத்தாவிட்டால் றேடியோ வேலை செய்யாது என்று போன் சொல்லும். கேட்பதற்கு மட்டும் அந்தக் கம்பி இல்லை, அதுதான் அன்ரெனா. 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர். அதைப் பிடிக்கக் காற்பங்கு, அதாவது 75 சென்ரிமீற்றர் அளவாவது கம்பி வேண்டும். போனுக்குள் அவ்வளவு இடமில்லை, காதுக்குப் போகும் கம்பியோ ஒரு மீற்றருக்கு மேல். ஒரே கம்பியில் மேலே பாட்டு போகிறது, கீழே வானலை வருகிறது. இரண்டும் முட்டாமல் இருப்பது அதிர்வெண் வித்தியாசத்தால். காதுக்குப் போகும் ஒலி 20 கிலோஹேர்ட்ஸுக்குள், வானலை அதைவிட ஐயாயிரம் மடங்கு வேகமாக அதிர்வது. ஒலியைத் தடுக்காமல் வானலையை மட்டும் மறிக்கும் சிறு தூண்டுசுருள் ஒன்று நடுவில் நின்று பிரித்துவிடும். கம்பியில்லாத புளூடூத் இயர்போன் வந்ததும் போன்களில் றேடியோ மறைந்தது இதனால்தான். பல போன்களில் சில்லு உள்ளே இருந்தும் கம்பி இல்லை. எங்கள் ஆட்களை வளர்த்தெடுத்த திருச்சி வானொலியை ஏன் போனில் கேட்க முடியவில்லை என்பதற்கும் விடை இங்கேதான். அது 936 கிலோஹேர்ட்ஸில் வரும் மத்திய அலை. அலைநீளம் 320 மீற்றர். அதற்குக் கம்பி காணாது, பழைய றேடியோக்களில் இருந்தது போலக் கரிய பெரைற்றுத் தண்டில் சுற்றிய சுருள் வேண்டும். அந்தத் தண்டுக்குப் போனுக்குள் இடமில்லை.

பண்பலைக்கு வருவோம். வடமராட்சிக் கரையில் நின்று வரிசையைத் தேடினால், சில நாட்களில் காரைக்கால் வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி விழும். பருத்தித்துறைக்கும் காரைக்காலுக்கும் இடையில் ஏறக்குறைய 130 கிலோமீற்றர் கடல். மறுநாள் தேடினால் வெறும் இரைச்சல். போனில் பழுதில்லை.

பண்பலையும் தொலைக்காட்சியும் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் அலைகள். பூமி வளைவதால் ஒரு தூரத்துக்குப் பிறகு தலைக்கு மேலால் போய்விடும். அந்தத் தூரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு: உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் வரும். இராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீற்றர். வர்க்கமூலம் 18க்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கினால் 74 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரம் அங்கிருந்து 90 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. வீட்டுக் கூரைக்கு மேல் 12 மீற்றர் பைப் ஏற்றி அன்ரெனா கட்டினால் அதன் பங்குக்கு இன்னொரு 14 கிலோமீற்றர், மொத்தம் 88. பக்கத்து வீட்டைவிட ஒரு பைப் கூட்டிக் கட்ட எங்கள் ஆட்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது இந்தக் கணக்கில் தெரியும். சந்தோசமாகத் தூர்தர்ஷன் பார்ப்பதும் புள்ளி புள்ளியாகப் பார்ப்பதும் அந்தக் கடைசி இரண்டு கிலோமீற்றரில் கிடந்தது. கையில் பிடித்த போனுக்கு ஒன்றரை மீற்றர் உயரம். அதன் பங்கு வெறும் 5.

அப்படியானால் 130 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள காரைக்கால் எப்படிக் கேட்கிறது? கடல்தான் காரணம். நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்க, அதற்கு மேலே தரையிலிருந்து வந்த சூடான, வறண்ட காற்று மூடிபோலப் படிகிறது. இரண்டு அடுக்கிலும் ஒளிமுறிவுக் குணகம் வேறு. மேலே போகப் பார்க்கும் அலை அந்த எல்லையில் வளைந்து கீழே வருகிறது, மறுபடி வளைகிறது. கடலின் மேல் அலைக்கு ஒரு குழாய் போட்டதுபோல. அந்தக் குழாய் இருக்கும்வரை எல்லைக்கு அப்பாலும் நிலையம் கேட்கும். காற்று கிளம்பி அடுக்குகளைக் கலக்கிவிட்டால் போய்விடும். கடல் சும்மா கிடக்கும் மாலை நேரங்களில் தேடிப்பார்க்கவேண்டும் என்று மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இதே குழாயால் தொலைபேசிக் கோபுரத்தின் அலையும் வரும். ஆனால் அங்கே வேறொரு சுவர் இருக்கிறது. ஜி.எஸ்.எம். முறையில் போன் தன் பேச்சைக் கோபுரத்துக்குக் குறித்த நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். தூரம் கூடினால் அதற்கேற்ப முன்கூட்டியே அனுப்பவேண்டும். அந்த முன்கூட்டலுக்கு 63 படிதான் வகுத்திருக்கிறார்கள், படிக்கு 550 மீற்றர் அளவு. பெருக்கினால் 35 கிலோமீற்றர். காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை 60 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே அக்கரைக் கோபுரத்தின் பெயர் பட்டியலில் தெரியலாம், சமிக்ஞைக் கோடுகளும் நிற்கலாம். சாதாரணக் கோபுரமென்றால் அழைப்பு மட்டும் எடுபடாது.

கேட்பதற்கு மட்டுமில்லாமல் ஒலிபரப்பவும் சில போன்களால் முடிந்தது. 2009இல் வந்த நொக்கியா என்97இலும் என்900இலும் பண்பலை அனுப்பி இருந்தது. போனில் இருக்கும் பாட்டை ஒரு வெற்று அலைவரிசையில் விட்டால் வாகனத்தில் இருக்கும் றேடியோ அதைப் பிடிக்கும். ஐரோப்பியச் சட்டம் அனுமதித்த வலு 50 நனோவாற்று. இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் போகாது. ஒரு ஹையேஸ் வானுக்குப் போதும்.

என்900 தனிப் பிறவி. திரையை மேலே தள்ளினால் கீழே விசைப்பலகை. உள்ளே ஓடியது லினக்ஸ். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை கடையில் வாங்கும்போதே உள்ளே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் சில்லால் பண்பலை கேட்கவும் முடியும். தொலைக்காட்சியை இயக்கும் அகச்சிவப்பு விளக்கும் இருந்தது. இரண்டுக்கும் நொக்கியா மென்பொருள் தரவில்லை. பாவிக்கிறவர்களே எழுதித் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் பூட்டிய அறை இருக்கிறது, சாவியை நீயே செய்துகொள் என்ற மாதிரி. எனக்கு இது பிடித்தமான வடிவமைப்பு இல்லை. ஆனால் பூட்டிய அறையே இல்லாத போனைவிட மேல்.

றேடியோ என்று வந்தால் டைனமோவைச் சொல்லாமல் போகமுடியாது. 1990 நடுப்பகுதியில் மறுபடி சண்டை தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லை டைனமோ உரசச் சுற்றி, அந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்ட மின். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோடுகளும், அலையை மட்டப்படுத்த ஒரு கொள்ளளவியும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும். பிள்ளைகள் முறைபோட்டுச் சுற்றுவார்கள்.

2010 யூனில் நொக்கியா நிறுவனம் நைரோபியில் ஒரு புதிய பொருளை அறிமுகப்படுத்தியது: சைக்கிள் டைனமோவில் போனை ஏற்றும் சாதனம். மணிக்கு 6 கிலோமீற்றரில் ஏறத் தொடங்கும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தச் செய்தியை வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

அதை ஈ63க்குப் பொருத்திப் பார்க்கலாம். அதன் பிபி-4எல் பற்றரி 1,500 மில்லிஅம்பியர்-மணி, 3.7 வோல்ற்று, பெருக்கினால் 5.55 வாற்று-மணி. சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. மாற்றும்போதும் மட்டப்படுத்தும்போதும் போவது போக 2 வாற்று மிஞ்சும் என்று வைத்தால், வெறும் பற்றரி நிரம்ப மூன்று மணிநேரத்துக்குக் கிட்ட மிதிக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணிநேரம் வரை மின்வெட்டு விழுந்தபோது இன்றைய போனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கால் நொந்திருக்கும்; அவற்றின் பற்றரி மூன்று மடங்கு பெரிது.

அதே ஆண்டு ஜனவரி 4ஆம் தேதியோடு பிளாக்பெரி தன் பழைய இயங்குதளங்களுக்கான சேவைகளை நிறுத்திக்கொண்டது. ஈ71, ஈ63 போன்றவற்றின் உலாவிகளில் இன்று அனேக தளங்கள் திறக்காது. தளங்கள் கேட்கும் புதிய மறையாக்க முறை அவற்றுக்குத் தெரியாது, உள்ளே வைத்த சான்றிதழ்களும் காலாவதியாகிவிட்டன. வெளியே ஒரு சேவையகத்தைக் கேட்டு நடந்ததெல்லாம் போய்விட்டது. விளக்கு, றேடியோ, பாட்டு, நாட்குறிப்பு, ஒலிப்பதிவு ஆகியவை யாரையும் கேட்காமல் இன்னும் நடக்கின்றன.

இவற்றில் ஒலிப்பதிவைத்தான் கவனிக்கவேண்டும். அழைப்பின் நடுவிலும் பதியலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஐந்து செக்கனுக்கு ஒருமுறை 'பீப்' அடித்து இரண்டு பக்கத்துக்கும் அறிவித்துக்கொண்டே பதியும். வெளிநாட்டிலிருந்து எடுத்த அழைப்புகள், ஆச்சி பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள், கோயிலில் படித்த தேவாரம் என்று எத்தனையோ அந்த மெமரி கார்ட்களில் கிடக்கின்றன. கோப்பின் வகை ஏ.எம்.ஆர். அது தொலைபேசிப் பேச்சுக்கென்றே வகுத்த சுருக்கமுறை: செக்கனுக்கு 8,000 மாதிரி எடுத்து, 20 மில்லிசெக்கன் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் தொண்டையும் வாயும் எந்த வடிவில் இருந்தன என்ற கணக்கை மட்டும் சேமிக்கும். அதனால் ஒரு மணிநேரப் பேச்சு 6 மெகாபைட்டுக்குள் அடங்கும். மனிதக் குரல் தெளிவாக வரும். நாதஸ்வரத்தைப் பதிந்தால் மூக்கால் அழுவதுபோலக் கேட்கும், ஏனென்றால் அந்தக் கணக்கில் தொண்டைக்குத்தான் இடம்.

உங்கள் லாச்சிக்குள் இப்படி ஒன்று கிடந்தால், முதலில் பின்மூடியைக் கழற்றிப் பற்றரியைப் பாருங்கள். எங்கள் வெக்கைக்கு அது ஊதியிருக்கலாம். ஊதியிருந்தால் அதைப் போட்டு ஏற்றவேண்டாம். வேறு பிபி-4எல் கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் மெமரி கார்ட்டை மட்டும் கழற்றி வாசிப்பானில் செருகுங்கள். போனின் உள்நினைவில் பதிந்தவை கார்ட்டில் இராது என்பதால், போன் எழும்பினால் கோப்பு மேலாளரைத் திறந்து அவற்றைக் கார்ட்டுக்கு மாற்றவேண்டும். ஏ.எம்.ஆர். கோப்பைக் கணினியில் வி.எல்.சி. மென்பொருள் திறக்கும். இன்னொரு வடிவத்துக்கு மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்கவேண்டாம்; மாற்றுவதால் தரம் கூடாது, குறையக்கூடும். கோப்புகளுக்குப் போன் வைத்த பெயரில் யார் பேசியது என்பது இருக்காது. கேட்டு அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே பெயரை மாற்றி எழுதிவிடுங்கள்.